அறியானும் தேரானும்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’யை என் உம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டியது 1999ஆம் ஆண்டு, புத்தளம் தில்லையடியில், எங்கள் கிடுகுக் கொட்டிலுக்குள். அந்த நாவலுக்கு 1997இல் சாகித்திய அக்காதமி விருது கிடைத்திருந்தது. சென்னைக்குப் போய்வந்த நண்பரொருவர் ஒரு பிரதி கொண்டுவந்திருந்தார். உம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது, கேட்பதென்றால் உயிர். இஷாவுக்குப் பிறகு குப்பி விளக்கடியில் நாளைக்குப் பத்துப் பக்கம் என்று வாசிப்பேன்.

மூன்றாம் நாளே உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவர்களுக்கு முஸ்தபாக்கண்ணுவைத் தெரிந்திருக்கும். மூதாதையரின் பெருமையைப் பேசிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், சவ்தா மன்ஸில் என்ற பெரிய வீட்டில் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்று ருசியாகச் சாப்பிடுபவர். மனைவி மரியத்தை அடிப்பவர். “இந்த மனிசனுக்குக் கையுமில்லையா காலுமில்லையா? எழும்பி ஒரு தொழிலப் பாத்தா என்ன?” என்று உம்மா என்னைக் கேட்டார், நான்தான் அவரை எழும்பவிடாமல் பிடித்து வைத்திருப்பதைப்போல.

சாமான் விற்கும் இடங்கள் வரும்போது உம்மா கொதித்துப்போவார். அதன் காரணம் எனக்கு விளங்கியது. 1990 ஒக்டோபரில் விடத்தல்தீவிலிருந்து நாங்கள் வெளியேறியபோது கொண்டுவர முடியாமல் போன சாமான்கள் அவர் மனதில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. செம்புக் கிடாரம், சீதன அலுமாரி, மூத்தம்மாவின் வெற்றிலைத் தட்டம். எல்லாம் இருந்தும் தானாகவே விற்றழிக்கிற ஒருவனை அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு நாள் இரவு, நான் வாசித்துக்கொண்டிருக்கையில், திண்ணைப் பக்கம் பார்த்து உம்மா சொன்னார்: “இவனாவது இருந்ததத்தான் வித்தான். இங்க ஒருத்தர் பொண்டாட்டிட காப்ப வித்து, உட்டுட்டு வாற வீட்டுக்கு ஓடு போட்டாரு.”

திண்ணையில் வாப்பா இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

நடந்தது இதுதான். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின், மன்னாரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப் புறப்பட்ட ஆட்காட்டிவெளிப் பக்கத்து மனிதர் ஒருவர், படகுக் கூலிக்காகத் தன் வீட்டு ஓடுகளை இறக்கி விற்றார். ஓகஸ்ட் கடைசியில் வாப்பா அவற்றை வாங்கினார். விலை மிகவும் குறைவு. அந்தக் குறைந்த விலைக்கும் உம்மாவின் நான்கு காப்புகள் போயின. எங்கள் கிடுகுக் கூரை ஓட்டுக் கூரையாக மாறியது. அந்தக் கூரைக்குக் கீழே நாங்கள் படுத்தது இரண்டு மாதமும் இல்லை.

இதை ஒரு கதையாக வாசித்தால் எவருக்குத்தான் எரிச்சல் வராது? ஓடிப்போகிறவனிடமே ஓடு வாங்குகிற ஒருவன்! அதே ஓகஸ்ட் 3ஆம் திகதிதான் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஏறாவூர். இரண்டையும் வாப்பா வானொலியில் கேட்டவர். “அது மட்டக்களப்புப் பக்கத்துப் பிரச்சினை” என்று சொல்லிக்கொண்டு கூரைக்கு மரம் தேடிப் போனார். நாவலாசிரியன் ஒருவன் இப்படி எழுதினால், ‘இவ்வளவு மடத்தனமான பாத்திரமா, நம்ப முடியவில்லையே’ என்று நாங்கள் விமர்சனம் எழுதியிருப்போம்.

நானும் பல வருடம் வாப்பாவை அப்படித்தான் வாசித்தேன். வாயால் சொல்லவில்லை, ஆனால் முகம் சொல்லியிருக்கும். 2003இல் அவர் மௌத்தானார்.

நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தவன். சிலப்பதிகாரம் எடுக்கிற ஒவ்வொரு வருடமும் கொலைக்களக் காதைக்கு வந்தவுடன் பிள்ளைகள் கோவலனை ஏசத் தொடங்குவார்கள். தெரியாத ஊரில் ஒற்றைச் சிலம்பைத் தூக்கிக்கொண்டு தனியே போகலாமா? அரண்மனைப் பொற்கொல்லனிடம் போய் அரசிக்குப் பொருந்துமா என்று கேட்கலாமா? ஆயர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போயிருக்கலாமே? கண்ணகியாவது தான் கண்ட கனவைச் சொல்லியிருக்கலாமே, சேர்? பிள்ளைகளின் இந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். கோபம் வருகிற வகுப்பில்தான் காப்பியம் உயிரோடிருக்கிறது. கோபமே வராமல் குறிப்பெழுதுகிற வகுப்புகளும் எனக்கு வாய்த்திருக்கின்றன; பரீட்சையில் அவர்கள்தான் நல்ல புள்ளி எடுத்தார்கள்.

கோவலன் எச்சரிக்கை கிடைக்காதவனல்ல. தான் கண்ட கெட்ட கனவை அவனே மாடலனிடம் சொல்கிறான். மாதரியின் வீட்டிலிருந்து இறங்கும்போது ஓர் எருது எதிரே பாய்ந்து வருகிறது. அது தீய சகுனம். அந்த இடத்தில் இளங்கோ ஒரு சிறு காரியம் செய்கிறார். எருது எதிர்ப்படுவது தீது என்பதைக் கோவலன் அறியவில்லை என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணமும் தருகிறார்: அது ஆயர் அறிகிற செய்தி, வணிகர் குலத்தில் வந்தவனுக்கு அது தெரியும் வாய்ப்பில்லை. ‘அறியான்’ என்பதுதான் அங்கே வருகிற சொல்.

அதே காதையில், சற்றுத் தள்ளி, பாண்டியன் வருகிறான். ஊடல் கொண்ட தேவியைத் தேடி அவசரமாகப் போகிறவனிடம் பொற்கொல்லன் வந்து கள்வனைப் பிடித்துவிட்டேன் என்கிறான். மன்னன் நின்று ஒரு கேள்வி கேட்கவில்லை. காவலரை அழைத்து ஆணையிடுகிறான். அவனுக்கு இளங்கோ போடுகிற சொல் வேறு: ‘தேரான்’. ஆராயாதவன்.

பல வருடம் இந்த இரண்டு சொற்களையும் நான் பொழிப்புரையோடு கடந்து போயிருக்கிறேன். இரண்டும் எதிர்மறை வினை என்று இலக்கணம் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனதுண்டு. பிறகுதான் அவற்றுக்கிடையே உள்ள தூரம் பிடிபட்டது. அறிவது என்பது எம்மிடம் வந்து சேர்வதைப் பொறுத்தது. வந்து சேராததை ஒருவன் எப்படி அறிவான்? தேர்வது அப்படியல்ல, அது கையில் இருப்பது. பாண்டியனிடம் காவலர் இருந்தனர், அவை இருந்தது, நீதி சொல்லும் முதியோர் இருந்தனர். சிலம்பு யாருடையதென்று தெரிய அதே அரண்மனையில் தேவியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கோவலனிடம் இருந்தது ஒரு காலின் சிலம்பு மட்டும்.

அப்படியிருந்தும் வகுப்பில் ஏச்சு விழுவது கோவலனுக்குத்தான். பாண்டியன் பிழைவிட்டான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கோவலனை மட்டும் விடமாட்டார்கள். ஏன்? ஒரு நாள் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். கோவலன் எங்களுடைய ஆள். அவன் பக்கத்தில் நாங்கள் நிற்கிறோம், அவன் காதில் எங்கள் சத்தம் விழும்போல் இருக்கிறது. மன்னன் தூரத்தில், உயரத்தில் இருக்கிறான். எட்டாத இடத்தில் இருப்பவன் மீது கோபம் நிலைப்பதில்லை. அது திரும்பி வந்து திண்ணையில் இருப்பவன் மீது விழுகிறது.

கண்ணகி இதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டுண்டு கிடந்தவனைப் பார்த்து, ஏன் தட்டானிடம் போனீர் என்று அவள் கேட்கவில்லை. நேரே வாயிலோனிடம் போய் நிற்கிறாள்.

எங்கள் வெளியேற்றத்தைப் பற்றியும் இதே கேள்விகள்தான் கேட்கப்பட்டன. அந்த ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் இயக்கத்தின் கட்டளையால் வெளியேறினார்கள். சாவகச்சேரியில் 15ஆம் திகதி. யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில். தென்னிலங்கையில் எங்களுக்குச் சோறு தந்த நல்ல மனிதர்களே பிறகு கேட்டார்கள்: உங்களுக்கு முதலே தெரியாதா? நகைகளை எங்காவது புதைத்துவிட்டு வந்திருக்கலாமே? காணி உறுதியையாவது மடித்து இடுப்பில் செருகியிருக்கலாமே? கேட்டவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. முடிவு தெரிந்த கதையைத் திரும்ப வாசிக்கிறவர்களின் கேள்வி அது. எந்தப் பக்கத்தில் என்ன வருகிறதென்று அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஒக்டோபர் மாதம் ஒவ்வொரு நாளாகத்தான் வந்தது. வயலில் விதைப்பும் இருந்தது.

யஃகூப் நபியின் சரித்திரம் ஞாபகம் வருகிறது. யூசுபை அண்ணன்மாரோடு அனுப்பினால் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாக அவரே வாய்திறந்து சொல்கிறார், பிறகு அனுப்புகிறார். வருடங்கள் கழித்து, பஞ்சத்தில், இளைய மகனையும் அதே பிள்ளைகள் கேட்கிறார்கள். முன்னவனை நம்பி விட்டதுபோலவா இவனையும் விடுவது என்று கேட்கிறார், வாக்குறுதி வாங்குகிறார், பல வாசல்களால் உள்ளே போங்கள் என்று சொல்லி அவனையும் அனுப்புகிறார். எங்களில் எவரும் அவரை விபரமில்லாத தகப்பன் என்று சொல்லத் துணியமாட்டோம். நபி என்பதால் மட்டுமா? தானியம் முடிந்த வீட்டில் எடுத்த முடிவு அது என்பதும் எங்களுக்குத் தெரிகிறது. வேதத்தில் வரும் தகப்பனுக்குக் கொடுக்கிற அந்தப் பொறுமையை அடுத்த வீட்டுத் தகப்பனுக்குக் கொடுப்பதில்தான் எங்களுக்குக் கஞ்சத்தனம்.

யுத்தம் முடிந்து, பாதை திறந்து, 2011இல் ஊருக்குப் போனேன். எங்கள் வளவில் நாலு சுவர் நின்றது, கூரை இல்லை. மரமும் இல்லை, ஓடும் இல்லை. கழற்றிப் போனவர் யாரோ, அவருக்கும் ஒரு தேவை இருந்திருக்கும். அங்கே நிற்க மனமில்லாமல் மன்னார்–பூநகரி வீதியால் தெற்கே பாப்பாமோட்டைக்கு வந்தேன். சிறுவயதில் வாப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு நான் போய்வந்த ஊர் அது. அங்குள்ள ஒரு சம்மாட்டியாரிடம்தான் வாப்பா கருவாடு எடுப்பார். கத்தோலிக்கர், வாப்பாவோடு ஒரே வயது. நத்தாருக்கு அவர் வீட்டுப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும், பெருநாளைக்கு எங்கள் வட்டிலப்பம் அங்கே போகும்.

தகரக் கொட்டில் ஒன்றின் முன்னால் அறுந்த நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. வாப்பா மௌத்தான செய்தியைச் சொன்னேன். நெடுநேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, அந்த ஓடு?”

இல்லை ஐயா, கூரையே இல்லை என்றேன்.

“அந்த ஓட்டை என்ர வண்டில்லதான் ஏத்திக்கொண்டு வந்து இறக்கினது. காக்கா என்னட்டக் கேட்டவர் தம்பி. காத்தான்குடிச் சங்கதி ரேடியோவில சொல்லி ரெண்டு மூண்டு நாள் இருக்கும். இதே கரையில வந்து நிண்டு, ‘நாங்களும் வெளிக்கிடுறதோ, புத்தளத்துப் பக்கம் போறதோ, நீ என்ன சொல்றாய்’ எண்டு கேட்டவர். நான்தான் சொன்னன், உங்களுக்கென்ன, உங்கள ஆர் என்ன செய்யப்போகினம், நாங்கள் இருக்கிறம் எண்டு. ஓடு மலிவா வருது, வாங்கிப் போடுங்க காக்கா எண்டு சொன்னதும் நான்தான்.”

பிறகு, “எனக்கு அப்ப அப்பிடித்தான் தெரிஞ்சது” என்றார்.

அவருக்கு அப்படித் தெரிந்ததில் பிழையொன்றும் இல்லை. அன்று ஆமிக்கும் இயக்கத்துக்கும்தான் சண்டை. ஓடிக்கொண்டிருந்தவர்கள் தமிழர்கள். படகில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவர் இவர். மன்னார்க் கரையில் அன்று யாருக்கு ஆபத்து என்று கேட்டால், முஸ்லிம்களை எவரும் முதலில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆக, வாப்பா ஆராயாதவர் அல்ல. அந்தக் கடற்கரையில் விபரம் தெரிந்த ஒரு மனிதரிடம் போய்க் கேட்டிருக்கிறார். இருபது வருடமாக நான் மனதில் வைத்திருந்த தீர்ப்பு இப்படி ஒரு மாலையில் கையை விட்டுப் போனது. உண்மையைச் சொல்வதானால் எனக்கு நிம்மதி வரவில்லை. கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாத ஒரு தடுமாற்றம்தான் வந்தது. வலையோடு முன்னால் இருக்கிற இந்தக் கிழவர் மீதா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வாப்பாவுக்காக வழக்காடுகிறவனாகிவிடுவேன். சம்மாட்டியாரிடம் கேட்டவர் உம்மாவிடம் கேட்கவில்லை. காப்பு உம்மாவுடையது. முஸ்தபாக்கண்ணுவின் மீது உம்மாவுக்கு வந்த கோபத்தில் நியாயமான ஒரு பங்கு அங்கேதான் இருந்தது: ஒருவர் எடுக்கிற முடிவுக்கு வேறொருவர் விலை கொடுப்பது. காப்பு இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்காது என்று நான் வாதாடியதுண்டு. வழியில் மறித்துச் சோதித்தவர்கள் பெண்களின் காதுத் தோட்டைக்கூட விடவில்லை என்பது மெய். ஆனால் முடிவு எப்படியும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டால், கேட்காமல் விற்றது சரியாகிவிடுமா? கேட்டிருந்தால் உம்மா என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு. ஓடென்றால் அவருக்கும் ஆசைதான்.

சம்மாட்டியார் தன் கதையையும் சொன்னார். 2008இல் சண்டை பாப்பாமோட்டையை நெருங்கியபோது அவர்களும் வெளிக்கிட்டார்கள். எந்தப் பக்கம் போவது? அடைக்கலம் என்றால் எங்கள் பகுதியில் மடுக்கோயில்தான். ஆனால் அந்த ஏப்ரலில் மாதாவின் சொரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகும்படி ஆகியிருந்தது. ஆமிப் பக்கம் போக வழியும் இல்லை, துணிவும் இல்லை. எல்லாரும் கிழக்கே போனார்கள், இவர்களும் போனார்கள். கூரைத் தகரத்தையும் ஓட்டையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். கிளிநொச்சியில் ஒரு கொட்டில், விசுவமடுவில் ஒன்று, பிறகு தகரமும் இல்லை, ஓடும் இல்லை, பெட்டியும் இல்லை. மாத்தளனில் செல் விழுந்து மனைவி போய்விட்டார்.

“வெளிநாட்டில இருந்து மகள் கேக்கிறாள், ‘ஏனப்பா அந்தப் பக்கம் போனனீங்கள், அறிவில்லையா’ எண்டு. நான் என்னத்தச் சொல்றது தம்பி?”

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கறுப்புத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட்டேன். கருவாடு ஒரு பொதி கட்டித் தந்தார், காசு வாங்கவில்லை.

தில்லையடிக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடு போடச்சொன்னது சம்மாட்டியார்தான் என்றதும் உம்மா கருவாட்டுப் பொதியை அவிழ்ப்பதை நிறுத்தினார்.

“அத ஒரு நாளும் எனக்கிட்டச் சொல்லல்லயே, அவரு” என்றார்.

இருபத்தொரு வருடத்தில் பதின்மூன்று வருடம் வாப்பா உயிரோடிருந்தார். ஏச்சு விழுந்த ஒவ்வொரு முறையும், அது நான் எடுத்த முடிவல்ல, அவன் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பாப்பாமோட்டைப் பலகாரத்தின் நினைவும் எங்கள் வீட்டில் கசந்திருக்கும். அதற்காகத்தான் சொல்லவில்லையா, அல்லது சம்மாட்டியிடம் கேட்டு உங்களிடம் கேட்கவில்லை என்று உம்மாவிடம் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டாரா, எனக்குத் தெரியாது.

உம்மா கருவாட்டைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார். சம்மாட்டிட பொண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மாத்தளனில் நடந்ததைச் சொன்னேன். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுகள் ஏன் மகன் அந்தப் பக்கம் போச்சுதுகள்? மடுவுக்குப் போயிருக்கலாமே?” என்றார்.